கல்லுக்குள் மை நுழைந்தது எப்படி?

குழந்தைகளே, இன்றைக்கு ஒரு புதிரோடு தொடங்குவோம்.

6 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கல். கண்ணாடியையே கீறிவிடும் அளவுக்குக் கடினமானது. அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நட்ட நடுவில், கோணாமல் ஒரு துளை போட வேண்டும். துளையின் அகலம் 8 மில்லிமீட்டர். அதன் பிறகு கல்லின் வெளிப்புறத்தை உருட்டாகத் தேய்த்து, துளையைச் சுற்றியுள்ள சுவர் 2 மில்லிமீட்டர் கனத்துக்கு வரும்படி மெலிதாக்க வேண்டும். கல்லில் ஒரு மயிரிழை விரிசல்கூட விழக் கூடாது. எப்படிச் செய்வீர்கள்?

இந்த மாதிரிக் கல் குழல்கள் இரண்டைப் பொருத்தி, உள்ளே ரீஃபிலை வைத்துவிட்டால் கற்பேனா தயார். உலகின் பல ஊர்களில் கைவினைஞர்கள் அகேட், ஜாஸ்பர், ஜேட் போன்ற கற்களில் பேனா செய்கிறார்கள். ஜெர்மனியின் புகழ்பெற்ற ஃபேபர்-காஸ்டெல் நிறுவனம் 2007-ஆம் ஆண்டின் சிறப்புப் பேனாவைக் கல்லாகிப்போன மரத்தைக் கொண்டு செய்தது. பார்ப்பவர்கள் எல்லோரும் கல்லின் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். செய்பவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்: “நிறம் கல்லே கொடுப்பது. எங்களைப் பாடாய்ப் படுத்துவது அந்தத் துளைதான்.”

அந்தத் துளையின் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். அது மேற்கு சிட்னியின் செவன் ஹில்ஸில் உங்கள் வீட்டுக் கொல்லையில் தொடங்கி, ஈரோடு மாவட்டம் வரை போகும் கதை.

உங்கள் காலடியில் என்ன கல்?

செவன் ஹில்ஸில் செடி நடுவதற்குக் குழி தோண்டியவர்களுக்குத் தெரியும்: மண்வெட்டியில் அப்பிக்கொள்ளும் களிமண்தான் வரும். அதற்கும் கீழே ஷேல் என்னும் களிப்பாறை இருக்கிறது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே படிந்த சேறு, மேலே மேலே மண் ஏறி அழுத்தியதில் இறுகிப் பாறையானது. ஒரு துண்டை எடுத்து விரலால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும். இதில் துளை போடவே வேண்டாம், தொட்டாலே உதிர்ந்துவிடும். பேனாவுக்கு ஆகாது.

தெற்கே சில கிலோமீட்டர் போனால் பிராஸ்பெக்ட் குன்று. ஜுராசிக் காலத்தில், அதாவது டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், பூமிக்குள்ளிருந்து கிளம்பிய பாறைக்குழம்பு இந்த ஷேல் அடுக்குகளுக்குள் புகுந்தது. வெளியே வழியாமல் உள்ளேயே மெதுவாக ஆறி, டாலரைட் என்னும் கரும்பாறையாக இறுகியது. மேலே மூடியிருந்த ஷேல் மழையிலும் காற்றிலும் அரித்துப்போகவே, கரும்பாறை குன்றாக வெளியே தெரிந்தது. சாலை போடும் ஜல்லிக்காக இதை நெடுங்காலம் உடைத்தார்கள். அப்படி உடைத்தபோது பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இளம்பச்சை நிறத்தில் ஒரு கனிமம் கிடைத்தது. அதன் பெயர் பிரெனைட். கனிமம் சேகரிப்பவர்களிடையே பிராஸ்பெக்ட் பிரெனைட்டுக்கு நல்ல பெயர் உண்டு. நீங்கள் பேருந்தில் கடந்துபோகும் குன்றுக்குள் இப்படி ஒரு பச்சைக் கல் விளைந்திருக்கிறது!

மேற்கே போனால், பிளாக்டவுன் நகராட்சிக்குள், பிளம்ப்டன் மேடு. அங்கே சில்கிரீட் என்னும் கல் உண்டு. மணலையும் சரளையையும் நிலத்தடி நீரில் கரைந்துவந்த சிலிக்கா பிடித்து ஒட்டவைத்ததால் உண்டான கல் இது. இந்த மண்ணின் மூத்த குடிகளான டாருக் மக்கள் இதைத் தேடி எடுத்துக் கத்திகளும் ஈட்டி முனைகளும் செய்தார்கள். சில்கிரீட்டை ஓங்கித் தட்டினால் கூரான விளிம்புள்ள சில்லுகள் தெறிக்கும். கருவி செய்ய அந்தக் குணம் வேண்டும். பேனா செய்பவருக்கோ கல் சில்லுத் தெறிக்காமல் இருக்க வேண்டும். ஒரே கல், ஒருவருக்கு வரம், இன்னொருவருக்குத் தொல்லை!

எது எதைக் கீறும்?

1812-ஆம் ஆண்டு, ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் கனிமங்களை வரிசைப்படுத்த ஓர் எளிய வழி சொன்னார். இரண்டு கற்களை எடு, ஒன்றால் மற்றதைக் கீறு, கீறல் விழுந்த கல் மென்மையானது. இந்தச் சோதனையை வைத்து 10 படிகள் அமைத்தார். முதல் படியில் டால்க். நகத்தால் கீறினாலே தடம் விழும். பிறகு ஜிப்சம், கால்சைட், ஃபுளோரைட், அபடைட், ஃபெல்ட்ஸ்பார். ஏழாவது குவார்ட்ஸ், எட்டாவது புஷ்பராகம், ஒன்பதாவது குருந்தம், பத்தாவது வைரம். நீலக்கல்லும் மாணிக்கமும் குருந்தத்தின் நிறம் மாறிய வடிவங்களே.

உங்கள் நகம் சுமார் 2½. இரும்பு ஆணியும் கண்ணாடியும் 5, 5½ அளவில் இருக்கும். பிராஸ்பெக்ட் பிரெனைட் 6 முதல் 6½ வரை. அகேட், ஜாஸ்பர் இரண்டும் 7-ஐ ஒட்டியவை. ஏனென்றால் அவை கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய குவார்ட்ஸ் படிகங்கள் நெருங்கிச் சேர்ந்த கற்கள்.

இப்போது விஷயம் புரிகிறதா? மரத்தில் துளை போட அப்பா எடுக்கும் சாதாரண இரும்புத் துளைப்பானை அகேட்டில் வைத்து அழுத்தினால், கல்லில் துளை விழாது. துளைப்பானின் முனைதான் மழுங்கும். கல்லை வெல்ல, அதைவிட மேல்படியில் இருப்பது வேண்டும். வைரம் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. அதிலும் ஒரு செய்தி: மோஸ் படிகள் சம உயரம் கொண்டவை இல்லை. 9-க்கும் 10-க்கும் இடையே ஒரே படிதான், ஆனால் அளந்து பார்த்தால் வைரம் குருந்தத்தைவிடச் சுமார் 4 மடங்கு கடினம்.

கடினம் வேறு, வலு வேறு

“அப்படியானால் மிகக் கடினமான கல்லைத் தேர்ந்தெடுத்தால் பேனா உடையவே உடையாது, இல்லையா?” என்று உங்களில் ஒருவர் கேட்பது என் காதில் விழுகிறது. நல்ல கேள்வி. ஆனால் கீறலைத் தாங்குவது ஒரு குணம். அடியைத் தாங்குவது இன்னொரு குணம். வைரத்தை வேறெதுவும் கீறாது. ஆனாலும் அதன் படிகத்தளம் அறிந்து தட்டினால் இரண்டாகப் பிளந்துவிடும்.

ஜேட் இதற்கு நேரெதிர். அதன் ஒரு வகையான நெஃப்ரைட்டின் கடினம் 6, 6½ தான். குவார்ட்ஸ் அதைக் கீறிவிடும். ஆனால் உருப்பெருக்கியில் பார்த்தால், கோரைப்பாய் பின்னியதுபோல் மெல்லிய இழைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். விரிசல் ஒரு பக்கம் தொடங்கினாலும் இழைகள் குறுக்கே வந்து தடுத்துவிடும். அதனால் மேசையிலிருந்து தவறி விழும் பேனாவுக்கு ஜேட் மிகவும் ஏற்றது. தெற்கு ஆஸ்திரேலியாவில் கௌவெல் என்ற ஊருக்கு அருகே இந்த நெஃப்ரைட் கிடைக்கிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கென்னடி மலைத்தொடர்ப் பக்கம் கிடைக்கும் மூக்கைட் இன்னொரு வியப்பு. கடுகு மஞ்சள், குங்குமச் சிவப்பு, வெண்ணெய் நிறம் எல்லாம் ஒரே கல்லில் கலந்திருக்கும். இது எதனால் ஆனது தெரியுமா? கிரெட்டேசியஸ் காலத்துக் கடலில் ரேடியோலேரியா என்ற நுண்ணுயிர்கள் வாழ்ந்தன. அவற்றின் ஓடு சிலிக்காவால் ஆனது. அவை இறந்து கடலடியில் கோடி கோடியாகக் குவிந்து இறுகிய படிவு அது. மூக்கைட்டில் செய்த பேனாவைப் பிடிப்பவர், ஒரு பழைய கடலின் உயிர்களை விரல்களுக்கு இடையே பிடித்திருக்கிறார்!

கல்லாகிப்போன மரமும் இப்படித்தான். மண்ணில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, மரத்தின் உயிரணுக்கள் இருந்த இடத்தில் சிலிக்கா படிந்துவிடும். ஆண்டு வளையங்கள்கூட அப்படியே தெரியும். தமிழ்நாட்டில் விழுப்புரம் அருகே திருவக்கரையில் இத்தகைய கல்மரங்கள் ஒரு பூங்காவாகவே பாதுகாக்கப்படுகின்றன. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்க மட்டும்தான், எடுக்கக் கூடாது!

எறும்பு ஊரக் கல்லும் தேயும்

இந்தப் பழமொழியை உங்கள் பாட்டி சொல்லியிருப்பார். இதை அறிவியல் கண்ணால் பார்ப்போம். எறும்பின் கால் கல்லைவிட மென்மையானது. பிறகு கல் எப்படித் தேயும்? எறும்பு காலோடு இழுத்துவரும் மணல் தூசியை நினைத்துப் பாருங்கள். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், கடினம் 7. தேய்ப்பது அந்தத் தூசிதான், எறும்பு அதைச் சுமந்துவருகிறது. கல் வேலையின் மொத்த ரகசியமும் இதுவே. கடினமான பொடி ஒன்று வேண்டும். அதை இழுத்துத் தேய்க்க ஏதாவது ஒன்று வேண்டும். அது மென்மையாக இருந்தாலும் பரவாயில்லை. கூடவே நீர் வேண்டும், நேரம் வேண்டும்.

சிட்னியைச் சுற்றியுள்ள மணற்பாறைகளில், ஓடைகளின் ஓரமாக, நீள்வட்டக் குழிவுகளை நிறையப் பார்க்கலாம். மழை அரித்த பள்ளம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். அவை மூத்த குடிகள் கோடரி தீட்டிய தடங்கள். ஆற்றுப் படுகையில் கிடைத்த கரும்பாறைக் கூழாங்கல்லை எடுத்துவந்து, ஈரமான மணற்பாறையில் முன்னும் பின்னும் தேய்த்துக் கூராக்கியிருக்கிறார்கள். மணற்பாறையின் குவார்ட்ஸ் மணிகள் 7; கரும்பாறையின் கனிமங்கள் 5, 6. பக்கத்து ஓடையின் நீர், தேய்ந்த பொடியைக் கழுவி, புது மணிகளை வெளிக்கொண்டுவரும். கடினம், நீர், பொறுமை மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன, பார்த்தீர்களா? ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கிம்பர்லி பகுதியில் கிடைத்த தீட்டிய கோடரியின் ஒரு சில்லு 45,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது என்று 2016-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கல்லைக் கல்லால் தீட்டும் அறிவுக்கு உலகிலேயே மிகப் பழைய சான்றுகளில் ஒன்று நீங்கள் வாழும் இந்த நாட்டில்தான் இருக்கிறது.

பேனாவுக்கு முன்னோடி, மணி

வெளிப்புறத்தைத் தேய்க்கக் கற்றுக்கொண்டோம். உள்ளே துளை போடுவது எப்படி?

கற்பேனாவின் குழலை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். நீளமான கல், நடுவில் துளை, வழவழப்பான வெளிப்புறம். இதைச் சிறிதாக்கி நூலில் கோத்தால் என்ன? கழுத்து மாலையின் மணி! ஆகவே பேனா செய்பவருக்கு மூத்த ஆசிரியர்கள் மணி செய்தவர்களே.

சிந்துவெளி மக்கள் சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் நீள நீளமான மணிகள் செய்தார்கள். சூதுபவளமும் குவார்ட்ஸ் குடும்பம்தான். அதைத் துளைக்க, அறிஞர்கள் எர்னஸ்டைட் என்று பெயரிட்ட ஒரு கல்லில் மெல்லிய துளைப்பான் முனைகள் செய்தார்கள். ஜொனாதன் மார்க் கெனோயர் என்ற அமெரிக்க அறிஞர் அதே முறையில் செய்து பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு 2½ மில்லிமீட்டர்தான் துளை இறங்கியது! அந்தக் கணக்கில் 6 சென்டிமீட்டர் கல்லைத் துளைக்க 24 மணி நேரம் வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம் வேலை என்றால் 3 நாள். அல்லாதினோ என்ற இடத்தில் கிடைத்த, 36 நீள மணிகள் கோத்த ஓர் இடையணியைச் செய்ய 480 வேலை நாட்களுக்கு மேல் ஆகியிருக்கும் என்று அவர் கணித்தார்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற சிற்றூர் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுவே என்பது அறிஞர்கள் கருத்து. 1985 முதல் இங்கே தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு செய்தார்கள். பிறகு வேறு நிறுவனங்களும் தொடர்ந்தன. கிடைத்தவற்றைப் பாருங்கள்: நீலக்கல், பெரில், பளிங்கு, சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல். அதைவிட முக்கியம், அவை இருந்த நிலை. துளையிடாத மணி, பாதி துளைத்த மணி, துளைத்தும் மெருகிடாத மணி, முழுதும் முடிந்த மணி என்று எல்லாப் படிநிலையிலும் கிடைத்தன. எங்கிருந்தோ வாங்கி அணிந்திருந்தால் முடிந்த மணி மட்டும்தானே கிடைக்கும்? பாதி வேலையில் நின்றுபோன மணிகள் இருப்பதால், இங்கே பட்டறை இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

பட்டறை அங்கே அமைந்ததற்கும் காரணம் உண்டு. காங்கேயத்தை ஒட்டிய படியூரில் பெரில் கிடைக்கும். பக்கத்துச் சிவன்மலைப் பாறைகளில் குருந்தம் இருக்கிறது. குருந்தம் மோஸ் வரிசையில் 9 என்பது நினைவிருக்கிறதா? அதைப் பொடித்தால் குவார்ட்ஸையும் பெரிலையும் தேய்க்க ஏற்ற பொடி கிடைக்கும். வேலைக்கு வேண்டிய கல்லும், அந்தக் கல்லை வெல்லும் கல்லும் கூப்பிடு தூரத்தில்!

குஜராத்தின் கம்பாத் நகரத்தில் கல்மணி செய்வது இன்றும் தொடர்கிறது. அங்கே மெல்லிய கம்பியின் நுனியில் கடுகைவிடச் சிறிய வைரத் துணுக்குகளைப் பதித்து, வில்லின் நாணை அதில் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றுவார்கள். துளை மேல் சொட்டு நீர் விழுந்துகொண்டே இருக்கும்.

வளையம் மட்டும் போதும்

இன்றைய கற்பேனாக் கைவினைஞரின் பட்டறைக்குள் எட்டிப் பார்ப்போம். வைரப்பொடி பதித்த வாளால் கல்லை அறுத்து, சதுரக் கம்பியாக வைத்திருக்கிறார். துளைப்பானைக் கையில் எடுக்கிறார். அது கூர்முனையுள்ள கம்பி இல்லை. உள்ளே காலியான உலோகக் குழாய். அதன் வாய் விளிம்பில் வைரப்பொடி பதித்திருக்கிறது.

ஏன் குழாய்? கணக்குப் போடுவோம். 8 மில்லிமீட்டர் அகலத் துளை முழுவதையும் பொடியாக்கினால், தேய்க்க வேண்டிய பரப்பு சுமார் 50 சதுர மில்லிமீட்டர். குழாயின் உள் அகலம் 6 மில்லிமீட்டர் என்றால், அது தேய்ப்பது வெளிவட்டத்துக்கும் உள்வட்டத்துக்கும் இடைப்பட்ட வளையத்தை மட்டும். அதன் பரப்பு சுமார் 22 சதுர மில்லிமீட்டர். வேலை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது! நடுவில் இருக்கும் கல் பொடியாகாமல், மெல்லிய குச்சியாக முழுசாகக் கழன்று வந்துவிடும்.

கல் தண்ணீரில் மூழ்கியிருக்கிறது. குழாய் சுழன்று கல்லைத் தொட்டதும் ‘ஸ்ர்ர்’ என்று ஒரு சத்தம். தெளிந்த நீர் சற்று நேரத்தில் பால் போல் வெளுக்கிறது. அது அரைபட்ட கல். கைவினைஞர் துளைப்பானை ஒரேயடியாக அழுத்துவதில்லை. கொஞ்சம் இறக்குகிறார், மேலே தூக்குகிறார், மறுபடி இறக்குகிறார். தூக்கும்போது உள்ளே அடைத்த பொடியை நீர் கழுவிக்கொண்டு போகும், சூடான வைர விளிம்பும் ஆறும். சத்தம் கீச்சென்று மாறினால் நீர் போகவில்லை என்று அர்த்தம், உடனே தூக்கிவிடுவார்.

மறுமுனையை நெருங்கும்போதுதான் ஆபத்து. கடைசி ஒரு மில்லிமீட்டர் கல்லுக்குப் பின்னால் தாங்க ஏதும் இல்லாததால், அது தேய்வதற்கு முன்பே பெயர்ந்து, விளிம்போடு சில்லு போய்விடும். இதைத் தடுக்க இரண்டு வழிகள். ஒன்று, கல்லுக்கு அடியில் இன்னொரு கல்லையோ கண்ணாடியையோ ஒட்டிவைத்து முட்டுக் கொடுப்பது. இன்னொன்று, இரண்டு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திப்பது. இந்த இரண்டாவது வழி சிந்துவெளியாருக்கும் தெரியும். நீளத் துளையை அவர்கள் இரு பக்கமிருந்தும்தான் போட்டார்கள்.

கல்லுக்குள் பித்தளை

துளை முடிந்ததும் அதற்குள் பித்தளைக் குழாயை எபாக்சி பசை தடவிச் செருகுவார்கள். ஏன்? கல்லை மேலிருந்து அழுத்தினால் நிறையவே தாங்கும். வளைத்தாலோ இழுத்தாலோ தாங்காது. 2 மில்லிமீட்டர் சுவர் உள்ள கல் குழலைத் தனியாக விட்டால், தவறி விழும் முதல் நாளே தூள்தான். பித்தளை வளைவையும் இழுப்பையும் வாங்கிக்கொள்ளும். பேனாவின் மற்ற உலோகப் பாகங்களைப் பொருத்தவும் அந்தக் குழாய் இடம் தரும்.

பசைக்கும் பெரிய வேலை இருக்கிறது. மேற்கு சிட்னியின் வெயில் உங்களுக்குத் தெரியும். 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. சூட்டில் கல்லும் விரியும், பித்தளையும் விரியும். ஆனால் பித்தளை அதிகம் விரியும். 8 மில்லிமீட்டர் குழாய்க்கு 30 டிகிரி சூடு ஏறினால், கல்லைவிடச் சுமார் 2 மைக்ரான் கூடுதலாக விரியும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன அளவே, இடைவெளி இல்லாமல் இறுக்கமாகச் செருகியிருந்தால் உள்ளிருந்து கல்லை நெருக்கும். நடுவில் இருக்கும் மெல்லிய பசைப் படலம் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து அந்த நெருக்கலை வாங்கிக்கொள்கிறது.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

அடுத்து, குழலைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றுவார்கள். மரத்தைக் கடைவதுபோல் உளியை வைத்தால் கல் சீவாது. அதனால் வைரச் சக்கரம் ஒன்றும் எதிரே சுழலும். அது உரசி உரசிச் சதுரத்தை உருளையாக்கும். இங்கேயும் நீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

பிறகு மெருகு. உப்புத்தாளின் பின்புறத்தில் 80, 220, 400 என்று எண்கள் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண் கூடக்கூடப் பொடி நுணுக்கமாகும். 80 எண் பொடியின் மணி சுமார் 0.2 மில்லிமீட்டர். மெருகின் கடைசியில் வரும் 50,000 எண் வைரப்பொடி, அரை மைக்ரானும் அதற்குக் குறைவும். ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது? பழைய பெரிய கீறல்கள் மறைந்து, புதிய சிறிய கீறல்கள் விழுகின்றன. அவ்வளவுதான். கீறல் இல்லாத நிலை வருவதில்லை. கீறல் சிறிதாகிக்கொண்டே போகிறது. ஒரு படியை அவசரமாகத் தாண்டினால், பழைய கீறல் ஒன்று கடைசிவரை கூடவே வரும்.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. கீறல்கள் இதைவிடப் பெரிதாக இருக்கும்வரை, விழும் ஒளி நாலா பக்கமும் சிதறும். கல் மங்கலாகத் தெரியும். கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிதாகிவிட்டால், ஒளி சிதறாமல் கண்ணாடியில் போல் ஒரே பக்கம் திரும்பும். அதைத்தான் பளபளப்பு என்கிறோம்.

ஒளியைப் பற்றிப் பேசும்போது ஓபலை விட்டுவிட முடியுமா? 1993 முதல் ஆஸ்திரேலியாவின் தேசிய இரத்தினம் அது. நம் நியூ சவுத் வேல்ஸின் லைட்னிங் ரிட்ஜ், கறுப்பு ஓபலுக்குப் பேர்போனது. அசைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்கள் ஓடும். காரணம் 1964-இல் வெளிப்பட்டது. மெல்பர்னில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த ஜே. வி. சாண்டர்ஸ் ஓபலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். உள்ளே சிலிக்கா உருண்டைகள், ஒரே அளவில், வரிசை குலையாமல் அடுக்கியிருந்தன! ஒவ்வொன்றும் ஒரு மைக்ரானில் பாதிகூட இல்லை. அந்த ஒழுங்கான அடுக்கில் பட்ட ஒளி நிறம் நிறமாகப் பிரிகிறது. சிறிய உருண்டைகள் நீலம் தரும். பெரியவை சிவப்பும் தரும். ஓபலுக்குள் நீரும் இருக்கிறது, பெரும்பாலும் எடையில் 6 முதல் 10 விழுக்காடு வரை. சூடு ஏறி நீர் போனால் விரிசல் விடும். கடினமும் சுமார் 6 தான். அதனால் ஓபலில் முழுக் குழல் செய்வதைவிட, சிறு துண்டுகளாகப் பதித்துப் பேனா செய்வதே நல்லது.

தூசியிடம் கவனம்

இதுவரை நீர், நீர் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அதற்கு இன்னொரு பெரிய காரணம் உண்டு. இதை மட்டும் மறக்கவே கூடாது.

குவார்ட்ஸ் கல்லை உலர்வாக அறுத்தால் எழும் தூசியில், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் இருக்கும். தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இந்தத் துகள்களோ 4 மைக்ரானுக்கும் கீழே. மூக்கின் மயிரும் சளியும் இவற்றைப் பிடிக்க முடியாது. நேரே நுரையீரலின் காற்றறைகளுக்குப் போய்விடும். உடல் இவற்றைக் கரைக்கவும் முடியாமல், முழுதாக வெளியே தள்ளவும் முடியாமல் திணறும். சுற்றிலும் தழும்புகள் உண்டாகி, நுரையீரல் விறைத்து, மூச்சுவிடுவதே பாடாகிவிடும். இந்த நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்தபின் முழுதாகக் குணமாக்க வழியில்லை.

சமையலறை மேடைக்காகச் செயற்கைக் கல்லை அறுத்த தொழிலாளர்கள் பலர், இள வயதிலேயே இந்த நோய்க்கு ஆளானார்கள். அதனால் 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்தச் செயற்கைக் கல்லையே தடை செய்தது. உலகில் இப்படித் தடை போட்ட முதல் நாடு இதுதான். ஓர் அழகான பொருள் நம் கைக்கு வரும்போது, அதைச் செய்தவர் மூச்சு நன்றாக இருக்கிறதா என்று கேட்பதும் அறிவியலில் சேர்த்திதான். கற்பேனா செய்பவர் நீரில் அறுப்பார், தகுந்த முகக்கவசம் போடுவார், பட்டறையை ஈரத்துணியால் துடைப்பார். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டமாட்டார்.

எடை எவ்வளவு?

கணக்கு பிடித்தவர்களுக்கு ஒன்று. வெளி அகலம் 12, உள் அகலம் 8, நீளம் 50 மில்லிமீட்டர் உள்ள கல் குழலின் பருமன் சுமார் 3.1 கன சென்டிமீட்டர். அகேட்டின் அடர்த்தி சுமார் 2.6, ஆக எடை 8 கிராம். இரண்டு குழலுக்கு 16 கிராம். அதே அளவில் பிளாஸ்டிக் என்றால் அதில் பாதிகூட வராது. அதனால்தான் கற்பேனா கையில் கனக்கும். கல் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால், தொட்டதும் குளிர்ச்சியாகவும் இருக்கும்.

கற்பேனா வாங்க முடியாதவர்கள் வருந்த வேண்டாம். உங்கள் பள்ளிப் பையில் இருக்கும் சாதாரணப் பந்துமுனைப் பேனாவிலும் இதே அறிவியல் இருக்கிறது. அதன் நுனியில் உருளும், ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள உருண்டை பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடால் ஆனது. கடினம் சுமார் 9. காகிதத்தில் கிலோமீட்டர் கணக்கில் உருண்டாலும் தேயக் கூடாது என்பதற்காகவே அது. அந்த உருண்டையை வழவழப்பாக்கவும் வைரப்பொடிதான் வேண்டும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய

நடைபாதையோரம், பூங்கா, கடற்கரை என்று போகும் இடத்தில் கிடக்கும் ஐந்து கூழாங்கற்களைக் கவனியுங்கள். தேசியப் பூங்காக்களிலும் மூத்த குடிகளின் இடங்களிலும் கல்லை எடுக்காதீர்கள். கோடரித் தடங்களில் எதையும் தேய்க்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த கற்களை முதலில் நகத்தாலும், பிறகு இரும்பு ஆணியாலும் கீறிப் பாருங்கள். கடைசியாக, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேசைமேல் கிடத்திய பழைய கண்ணாடிப் புட்டியைக் கல்லால் கீறுங்கள். கண்ணாடியைக் கீறிய கல் 5½-க்கு மேல். தடம் போலத் தெரிந்தால் ஈரவிரலால் துடைத்துப் பாருங்கள். அழிந்துவிட்டால் அது கல்லின் பொடி, அழியாவிட்டால்தான் கீறல்.

அடுத்து, ஒவ்வொரு கல்லையும் ஈரமான உப்புத்தாளில் ஒரே அளவு நேரம் தேய்த்து, எது எவ்வளவு தேய்ந்தது என்று குறித்துவையுங்கள். தாளை நனைக்காமல் தேய்க்கவே கூடாது. ஏன் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

மேற்கு சிட்னியில் கல்லை அறுத்துப் பட்டை தீட்டக் கற்றுத்தரும் பொழுதுபோக்குக் குழுக்கள் உண்டு. அம்மா அப்பாவோடு போய், வைர வாள் நீருக்குள் சுழல்வதை நேரில் பாருங்கள். பிறகு உங்கள் ஐந்து கற்களையும் வரிசையாக வைத்து யோசியுங்கள். எது சீக்கிரம் கீறல்படும்? எது சில்லுத் தெறிக்கும்? எதில் துளை கோணாமல் போகும்? எது மெருகேறும்? அவற்றில் எந்தக் கல்லை உங்கள் பேனாவுக்குத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று காரணத்தோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எல்லாக் கல்லையும் சோதித்து “ஒன்றும் ஆகாது” என்ற முடிவுக்கு வந்தவர்களும் எழுதுங்கள். ஏன் ஆகாது என்று சொல்லத் தெரிந்தால், அதுவும் சரியான விடைதான்.